ஆரு பெரியாள்? கொடுவாச் சண்டைக்கு எங்கட தீர்ப்பு

மெஸ்ஸியா ரொனால்டோவா எண்டு கேட்டா நற்பிட்டிமுனையில எந்தத் தேத்தண்ணிக் கடையிலயும் ரெண்டு மணித்தியாலம் ஓடும். முரளியா வோர்னா எண்டு கேட்டா சண்டை சீக்கிரம் முடிஞ்சிடும், ஏனெண்டா அதுல எல்லாரும் ஒரே பக்கம். ஆனா மீன்பிடியில பெரியாள் ஆரு எண்டு கேட்டுப் பாருங்க. கடையே கொஞ்ச நேரம் அமைதியாகிடும். மறுகா ஒவ்வொருத்தரும் தன்ட மூத்தப்பாட பேரைச் சொல்லுவாங்க.

ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. ரெண்டுக்கும் நடுவுல கிடக்கிற ஊர்க்காரர் நாங்க. மீன் இல்லாத சோறு இங்க சோறு மாதிரியே இருக்காது. அப்படியிருந்தும் இந்தக் கேள்விக்கு எங்களிட்ட ஒழுங்கான பதில் இல்ல. அமெரிக்காக்காரன் ஒரே ஒரு மீனை வெச்சு அரை நூற்றாண்டுக்கு மேலா பட்டியல் போட்டுச் சண்டை பிடிக்கிறான். அந்தச் சண்டையை முதல்ல பாத்திட்டு, அதுல எது நமக்குப் பொருந்தும் எண்டு யோசிப்பம்.

அந்த மீனுக்குப் பேர் பாஸ். வாய் பெரிசா இருக்கிறதால லார்ஜ்மவுத் பாஸ் எண்டு சொல்லுவாங்க. குளத்திலயும் ஆற்றிலயும் வாழுற நன்னீர் மீன். அதைத் தூண்டில்ல பிடிக்கிறதுக்கு அங்க போட்டி இருக்கு, லட்சக்கணக்கான டொலர் பரிசு இருக்கு, தொலைக்காட்சி நேரலை இருக்கு. நம்ம ஆக்களுக்குக் கிரிக்கெட் எப்படியோ, அங்க தெற்கு மாநிலங்கள்ல சில பேருக்கு இது அப்படி. "எல்லாக் காலத்திலயும் பெரியாள் ஆரு?" எண்ட கேள்வியும் அப்படியே வந்திட்டு.

அவங்கட சண்டையில மூணு கட்சி இருக்கு.

முதல் கட்சி வெற்றியை எண்ணுற கட்சி. இவங்களுக்குக் கெவின் வான்டாம்தான் பெரியாள். பாஸ்மாஸ்டர் கிளாசிக் எண்ட பெரிய போட்டியை 2001, 2005, 2010, 2011 எண்டு 4 தரம் வெண்டவர். ஆண்டின் சிறந்த தூண்டில்காரர் பட்டம் 7 தரம். உடனே இன்னொருத்தர் எழும்பி, ரிக் கிளனும் அதே கிளாசிக்கை 1976, 1977, 1984, 1990 எண்டு 4 தரம் வெண்டவர்தானே எண்டு கேப்பார். அதோட, 2019 இல 72 வயசுல ஒரு பெரிய போட்டியை வெண்டு காட்டினார். மூணாவது ஆள் ரோலண்ட் மார்ட்டினைக் கொண்டு வருவார். அவருக்கு ஆண்டின் சிறந்த தூண்டில்காரர் பட்டம் 9 தரம். இந்தக் கணக்குக்கு முடிவே இல்ல. சச்சினா கோலியா எண்ட சண்டை மாதிரித்தான்.

ரெண்டாவது கட்சி நிறுவை பாக்கிற கட்சி. இவங்கட ஆள் ஜோர்ஜ் பெரி. 1932 ஜூன் 2 ஆம் திகதி, ஜோர்ஜியா மாநிலத்துல, உலகமே பொருளாதார நெருக்கடியில கிடந்த காலத்துல, இந்த இளம் விவசாயி 22 இறாத்தல் 4 அவுன்ஸ் பாஸ் ஒண்டைப் பிடிச்சார். நிறுத்துப் பாத்திட்டு வீட்டுக்குக் கொண்டு போய்ச் சமைச்சுத் திண்டாங்க. இந்தக் கதையில எங்களுக்குப் பிடிச்ச இடமே அதுதான். உலக சாதனையைக் குழம்பு வெச்சவங்க! அந்தச் சாதனை 77 வருசம் அசையல்ல. 2009 இல ஜப்பானில பிவா ஏரியில மனாபு குரிட்டா எண்டவர் அதைவிட ஒரு அவுன்சுக்கும் கொஞ்சம் குறைவான நிறை கூடின பாஸைப் பிடிச்சார். பழைய சாதனையை முறிக்கிறதுக்கு ரெண்டு அவுன்சாவது கூட இருக்கோணும் எண்டது விதி. அதனால ரெண்டு பேருக்கும் சரிசமன் எண்டு எழுதினாங்க.

மூணாவது கட்சி மாத்தத்தைப் பாக்கிற கட்சி. இவங்கட ஆள் ரே ஸ்கொட். அலபாமாவில காப்புறுதி வித்துக்கொண்டு திரிஞ்ச மனுசன். 1967 ஜூன் மாசம் ஆர்கன்சாவில பீவர் ஏரியில 106 பேரைச் சேர்த்து ஒரு போட்டி வெச்சார். அடுத்த வருசம் பாஸ் பிடிகாரர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். 1972 இல அவர் கொண்டு வந்த விசயம்தான் முக்கியம்: பிடிச்ச மீனைக் கொல்லாத, உயிரோட கொண்டு வந்து நிறு, மறுகா தண்ணியில விடு. அதுவரைக்கும் செத்த மீனைக் கோர்வையாக் கட்டித் தூக்கிக் காட்டுறதுதான் ஆம்பிளைத்தனம். இவருக்குப் பிறகு மீனைத் திரும்ப விடுறது பெருமையாகிட்டு. தோணியிலயே மீன் உயிரோட கிடக்கத் தண்ணித் தொட்டி வந்திட்டு. 2022 இல 88 வயசுல மௌத்தானார்.

இதே பகுதியில சுகர் ஃபெரிஸ் எண்ட பொம்பிளையையும் சொல்லோணும். ஆம்பிளைகளுக்குள்ளயே சுத்திக்கொண்டிருந்த இந்தப் போட்டியில, 1976 இல பெண்களுக்கெண்டு தனிப் போட்டித் தொடர் தொடங்கினவ. பெரியாள் பட்டியல்கள்ல அவட பேரைத் தேடிப் பிடிக்கத்தான் வேணும்.

அமெரிக்காச் சண்டையில எங்கட வாக்கு ரே ஸ்கொட்டுக்கு. காரணம் ஒண்டுதான். வான்டாம் பிறக்காட்டி வேற ஒருத்தர் அந்தக் கிண்ணங்களை வெண்டிருப்பார். பெரி பிடிச்ச மீன் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா வேற ஆள் பிடிச்சிருப்பார். ஆனா மீனைத் திரும்ப விடுற பழக்கத்தை ஒருத்தர் வந்து தொடக்கத்தான் வேணும். அவர் யாவாரிதான், சங்கத்தால காசும் உழைச்சார், இல்லையெண்டல்ல. ஆனா அவருக்குப் பிறகு குளத்துல மீன் மிஞ்சினது.

இதோட கட்டுரையை முடிச்சா நல்லாத்தான் இருக்கும். "நாமளும் மீனைத் திரும்ப விடுவம்" எண்டு ஒரு போஸ்டர் அடிச்சுக் கல்முனையில ஒட்டலாம். ஆனா அது சரிவராது. ஏன் எண்டு சொல்றதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல பிவா ஏரியையே பாருங்க. பாஸ் ஜப்பானுக்குச் சொந்தமான மீன் இல்ல. 1925 இல தெட்சுமா அகாபோஷி எண்ட தொழிலதிபர் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்து ஆஷி ஏரியில விட்டார். அது பரவி உள்ளூர்ச் சின்ன மீனையெல்லாம் தின்னத் தொடங்கினது. இப்ப பிவா ஏரி இருக்கிற ஷிகா மாகாணத்துல, 2003 இலிருந்து, பிடிச்ச பாஸைத் திரும்ப ஏரியில விடக் கூடாது எண்டு விதி. அலபாமாவில எந்தச் செயல் ஒருத்தரைப் பெரியாள் ஆக்கினதோ, அதே செயல் குரிட்டாட ஏரியில விதிமீறல். மீன் ஒண்டு, செயல் ஒண்டு, தண்ணி மட்டும்தான் வேற. பெரியாள் எண்டது ஆளைப் பொறுத்த விசயம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறம். அது தண்ணியையும் பொறுத்த விசயம்.

ரெண்டாவது, எங்கட வாவியில மீன் பிடிக்கிறவன் விளையாட்டுக்குப் பிடிக்கல்ல. கிட்டங்கியில விடிய வெள்ளனே இடுப்பளவு தண்ணியில முதலைக்குப் பயந்து பயந்து வீச்சுவலை எறியிறவருக்கு அந்த மீன் பிள்ளைட ஸ்கூல் பஸ் காசு. அவரிட்ட போய் "விட்டிருங்க காக்கா" எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வராது. வேடிக்கைக்காக ஒரு உயிருக்கு நோவினை செய்யிறது கூடாது எண்டு சின்னதில ஓதிப் படிச்சு வளர்ந்தவங்க நாங்க. வாயில தூண்டில் குத்தி, படம் எடுத்து, திரும்ப விட்டு, திரும்பக் குத்துறது பெருமையா எண்டு எங்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்கு. திண்ணுறதுக்குப் பிடிக்கிறது அதைவிட நேர்மையானது எண்டு எங்கள்ல பாதிப் பேர் சொல்றாங்க. அதைச் சும்மா தள்ளிவிட ஏலாது.

அப்ப எங்கட கேள்வியை எங்கட மீனிலிருந்து தொடங்குவம்.

எங்கட வாவியில அமெரிக்கா பாஸ் இல்ல. ஆனா உலகம் ஆசியக் கடல் பாஸ் எண்டு கூப்பிடுற மீன் இருக்கு. அதுதான் கொடுவா. அமெரிக்கா பாஸுக்கும் இதுக்கும் பேர்தான் ஒண்டு, குடும்பம் வேற. சிங்களத்துல மோதா, கேரளாவில காளாஞ்சி, வங்காளத்துல பேட்கி, மலேசியாவில சியாகாப், அவுஸ்திரேலியாவில பாரமுண்டி. ஹோட்டல் மெனுவில பாரமுண்டி எண்டு பளபளப்பா எழுதியிருக்கிறதும் இதேதான். கட்டார்லயும் துபாயிலயும் சமையல்கட்டுல நிக்கிற எங்கட பொடியனுகளுக்கு இது தெரியும்.

இந்த மீனுக்கு விஞ்ஞானப் பேர் வெச்சவர் மார்க்கஸ் பிளாக், பெர்லினில இருந்த வைத்தியர். 1790 இல பதிஞ்சார். இவருக்கு நம்ம பக்கத்துத் தொடர்பு ஒண்டு இருக்கு. தமிழ்நாட்டுத் தரங்கம்பாடியில இருந்த கிறிஸ்தோஃப் சாமுவேல் ஜோன் எண்ட பாதிரியார் இவருக்கு மீன் மாதிரிகள் அனுப்பிக்கொண்டிருந்தார். அதுக்கு நன்றியா, கத்தாளை மீன்ல ஒரு இனத்துக்கே ஜோனுட பேரை வெச்சார் பிளாக். இப்பவும் அந்த இனத்துக்குப் பேர் ஜோனியஸ். ஆனா அந்தப் பாதிரியாருக்கு மீனைப் பிடிச்சுக் கொண்டு போய்க் குடுத்த தரங்கம்பாடிக்காரர் ஆரு? அவர்ட பேர் மீனுக்குப் போகல்ல. பெரியாள் பட்டியல்கள் எல்லாத்திலயும் இந்த ஓட்டை இருக்கு. பேனை வெச்சிருக்கிறவங்கட பேர்தான் பட்டியல்ல ஏறும்.

கொடுவா ஒரு விசித்திரமான மீன். வளர்ந்து முதல்ல ஆணாகும். சில வருசம் ஆணாத் திரிஞ்சிட்டு, பெரிசானதும் பெண்ணா மாறும். அதனால வாவியில அம்பிடுற பெரிய கொடுவா பெரும்பாலும் தாய்தான். நன்னீர்லயும் வாழும், உவர்நீர்லயும் வாழும். ஆனா முட்டையிட உப்புத் தண்ணி வேணும். அதுக்காக ஆற்றுவாய்ப் பக்கம் இறங்கி வரும். அமாவாசை, பறுவத்தோட சேர்த்து முட்டையிடும். ஒரு தாய் லட்சக்கணக்கில முட்டையிடும். குஞ்சுகள் மறுகா வாவிக்குள்ள ஏறி, கண்டலுக்குள்ளயும் புல்லுக்குள்ளயும் ஒளிஞ்சு வளரும். அதாவது இந்த மீனுட உயிர் ஒரு கதவைப் பொறுத்தது. அந்தக் கதவுக்குப் பேர்தான் ஆற்றுவாய்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம். அதுட தெற்கு நுனிதான் நாங்க பாக்கிற கிட்டங்கித் தண்ணி. இவ்வளவு பெரிய வாவிக்குக் கடலோட கதவு ரெண்டே ரெண்டு. ஒண்டு பாலமீன்மடுவில, மற்றது கல்லாறுப் பக்கம். கோடையில மணல் அடைச்சிடும். மாரியில வெள்ளம் ஏறினா ஆற்றுவாயை வெட்டோணும் எண்டு கேள்வி வரும். எப்ப வெட்டுறது எண்டதுதான் இந்தக் கரையில மிகப் பெரிய தீர்மானம்.

இப்ப திரும்பக் கேப்பம்: கொடுவாட வாழ்க்கையை ஆகக் கூட மாத்தினவர் ஆரு? எங்களுக்குள்ள நாலு பேர் நாலு ஆளை நிறுத்தினாங்க. ஒருத்தரும் தூண்டிலோட நிக்கிற ஆள் இல்ல.

முதல் வேட்பாளர் டி. எஸ். சேனநாயக்க. மீனோட அவருக்கு என்ன சம்பந்தம் எண்டு கேப்பீங்க. 1949 இல தொடங்கின கல்லோயாத் திட்டம், இங்கினியாகலையில கட்டின அணை, சேனநாயக்க சமுத்திரம். இந்த மாவட்டத்துத் தண்ணி ஓடுற பாதையையே அது மாத்திட்டு. முந்தி மழைக்கு வந்து மழையோட போன தண்ணி, இப்ப வாய்க்கால் கணக்குல வருது. வயல் வடிச்சல் தண்ணி உரத்தையும் மருந்தையும் சேத்துக்கொண்டு வாவிக்குள்ளதான் இறங்குது. இந்தத் திட்டத்தாலதான் சோறு திண்ணுறம் எண்டதும் உண்மை. ஆனா வாவிட உப்பும் இனிப்பும் ஆர்ட கையில எண்டு கேட்டா, பதில் மழையிட்ட மட்டும் இல்லாம வாய்க்காலிட்டயும் இருக்கு.

ரெண்டாவது, திலாப்பியாவைக் கொண்டு வந்தவங்க. 1950களின் தொடக்கத்துல இந்த நாட்டுக்கு வந்த மீன், இண்டைக்கு நாட்டிட நன்னீர் மீன்பிடியில பெரும்பங்கு அதுதான். ஏழைக்குப் புரதம் குடுத்த மீன் எண்டு ஒரு கட்சி. எங்கட சொந்த மீனுட இடத்தைப் பிடிச்ச மீன் எண்டு இன்னொரு கட்சி. அகாபோஷிட பாஸை ஜப்பான் சபிக்குது, திலாப்பியாவை இலங்கை சாப்பிடுது. கொடுவாட இனத்துச் சொந்தக்காரனான நைல் பேர்ச்சை 1950களில ஆபிரிக்காவில விக்டோரியா ஏரியில விட்டு, அங்க நூற்றுக்கணக்கான சின்ன மீன் இனங்கள் அழிஞ்சதும் நமக்குத் தெரிஞ்ச கதை. ஒரு வாளித் தண்ணியோட வந்த மீன் ஒரு நாட்டிட கறிச்சட்டியை மாத்தும். எந்தச் சம்பியனும் அதைச் செய்யல்ல.

மூணாவது வேட்பாளருக்குத்தான் சத்தம் கூடினது. எம். எச். எம். அஷ்ரப். 1994 இல துறைமுக அமைச்சரானவர், ஒலுவிலுக்குத் துறைமுகம் எண்ட கனவைக் கொண்டு வந்தவர். 2000 செப்டெம்பர் 16 இல ஹெலிகொப்டர் விபத்துல மௌத்தானார். அதுக்குப் பிறகு, 2008 இல டென்மார்க் கடனோட வேலை தொடங்கி 2013 செப்டெம்பரில துறைமுகம் திறந்தாங்க. மணல் வந்து வாயை அடைச்சது. வடக்குப் பக்கம் ஒலுவில், நிந்தவூர் கரையைக் கடல் அரிச்சது. தென்னை சரிஞ்சது, கரைவலை இழுத்த இடம் போச்சு. கனவு கண்டவரைக் குத்தம் சொல்லலாமா? அவர் போய் எட்டு வருசத்துக்குப் பிறகு கட்டினதுக்கு அவர் எப்படிப் பொறுப்பு? அதே நேரம், இந்தக் கரையில மீன்பிடியைப் பத்தி இவ்வளவு பெரிசா யோசிச்ச அரசியல்வாதி வேற ஆரு? ரெண்டு கேள்விக்கும் எங்களுக்குள்ள ஒரே பதில் வரல்ல. ஒண்டு மட்டும் தெளிவு. தாக்கம் எண்டது நினைப்பை வெச்சு அளக்கிற சாமான் இல்ல. அலையும் மணலும் ஆர்ட நினைப்பையும் கேக்காது.

நாலாவது வேட்பாளர், கொடுவாவைக் கையால முட்டையிட வெச்ச விஞ்ஞானிகள். தாய்லாந்து சொங்க்லாவில 1970களின் தொடக்கத்துல செஞ்சு காட்டினாங்க. இந்தியாவில 1997 இல சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் உயிரின வளர்ப்பு நிலையம் செஞ்சது. இண்டைக்குத் திருகோணமலைக் குடாவில கூடு கட்டிக் கொடுவா வளர்த்து ஏற்றுமதி செய்யிறாங்க. 2010 இல அவுஸ்திரேலியாவில குயீன்ஸ்லாந்து மாநிலத்து மொண்டுரன் அணையில 44.64 கிலோ கொடுவா பிடிச்சு உலக சாதனை வெச்சாங்க. அணைத் தண்ணியில கொடுவா பெருக ஏலாது. அங்க கிடக்கிறது குஞ்சு பொரிப்பகத்துல பிறந்து கொண்டு வந்து விட்ட மீன். அப்ப அந்தச் சாதனையில பாதி, தூண்டில் பிடிச்சவருக்கா, குஞ்சு பொரிச்சவருக்கா?

இந்த நாலு பேர்லயும் விஞ்ஞானிகளுக்குத்தான் எங்கட கூடுதல் வாக்கு விழுந்தது. ஆனா அதுலயும் ஒரு குறை இருக்கு. கூட்டுல வளர்ற கொடுவா முதலாளிட கொடுவா. கிட்டங்கியில வீச்சுவலை எறியிறவருக்கு அதுல பங்கில்ல. வாவிக் கொடுவா மட்டும்தான் எல்லாருக்கும் பொதுவான கொடுவா. வலையும் தெம்பும் இருக்கிற எந்த ஏழையும் போய்ப் பிடிக்கலாம். அந்தப் பொதுவைக் காப்பாத்தினவர் ஆரு?

இந்த இடத்துல ஒரு சுலபமான பதில் வரும்: "பேர் தெரியாத எங்கட மீனவர்தான் பெரியாள்." கேக்க நல்லா இருக்கும், கைதட்டலும் கிடைக்கும். நாங்க அதைச் சொல்லப் போறல்ல. மீனவர்ட அறிவு பெரிய அறிவுதான். தண்ணிட நிறத்தைப் பாத்து உப்பு ஏறியிட்டு எண்டு சொல்றவங்க இருக்காங்க. இறால் துள்ளுற விதத்தைப் பாத்துக் கீழ கொடுவா நிக்குது எண்டு சொல்றவங்க இருக்காங்க. யுத்த காலத்துல, இரவில தண்ணியில இறங்கவே தடை இருந்த நேரத்துலயும், இந்தத் தொழிலை விடாமப் பிடிச்சுக் கொண்டிருந்தாங்க. சுனாமிக்குப் பிறகு எழும்பி நிண்டாங்க. ஆனா அதே வாவியில தடை செஞ்ச தங்கூசி வலை போடுறவரும் மீனவர்தான். விரல் நீளக் குஞ்சையும் விடாம அள்ளுறவரும் மீனவர்தான். ஆற்றுவாய் திறந்த நாளில, முட்டையிடப் போற தாய் மீன் எல்லாம் ஒரே வழியால வரும் எண்டு தெரிஞ்சே வலையோட நிக்கிறவரும் மீனவர்தான். அவரைக் கொடியவர் எண்டு சொல்ல வரல்ல. 2022 இல ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியா 340 ரூபாவுக்கு ஏறின நாட்டுல, கையில வந்த மீனை விடு எண்டு சொல்றது வயிறு நிறைஞ்சவன் பேச்சு. ஆனா கஷ்டத்தைச் சொல்லிப் பட்டம் குடுக்க ஏலாது.

அதனால எங்கட தீர்ப்பு இதுதான்: அந்தக் கதிரை காலி. மட்டக்களப்பு வாவியில கொடுவாவுக்குப் பெரியாள் இன்னும் வரல்ல. ரே ஸ்கொட் அலபாமாவில செஞ்சதை நகல் எடுக்கிறவர் இங்க பெரியாளாக மாட்டார். அவர் தன்ட குளத்துக்கு எது தேவையோ அதைச் செஞ்சார். எங்கட தண்ணிக்கு எது தேவையோ அதைச் செய்யிறவருக்குத்தான் இந்தக் கதிரை. என்ன தேவை எண்டு நாங்க மூணு விசயம் சொல்றம்.

ஒண்டு, ஆற்றுவாய். வெட்டுறதா இல்லையா எண்டு பேசுற நேரம் முதல் கேள்வி வயல்ல எத்தனை அடி தண்ணி எண்டது. கிட்டங்கித் தாம்போதி மூழ்கினா ரெண்டாவது கேள்வி பாதை. ரெண்டும் நியாயமான கேள்விதான். தாம்போதிக்கு மேலால தண்ணி பாயிற நாளில அந்தப் பக்கத்துப் பிள்ளை ஸ்கூலுக்கு வர ஏலாது, நோயாளி ஆஸ்பத்திரிக்கு வர ஏலாது. ஆனா மூணாவதா ஒரு கேள்வியும் அதே மேசையில இருக்கோணும்: இண்டைக்கு வெட்டினா மீனுக்கு என்ன? பிறை எத்தனை, கடல் தண்ணி உள்ள ஏறுமா, வாய் எத்தனை நாள் திறந்து கிடக்கும்? இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. நாங்க அம்பாறை மாவட்டம், ரெண்டு கதவும் மட்டக்களப்பு மாவட்டத்துல. மாவட்ட எல்லை 1961 இல வந்தது. கொடுவாவுக்கு அது தெரியாது. தெற்கு நுனியில மீன் பிடிக்கிறவரும் அந்த மேசையில இருக்கோணும்.

ரெண்டு, தாய் மீன். குயீன்ஸ்லாந்தில கொடுவாவுக்குக் கீழ் எல்லையும் இருக்கு, மேல் எல்லையும் இருக்கு. 58 சென்ரிமீற்றருக்குக் குறைஞ்சதையும் எடுக்கக் கூடாது, 120 சென்ரிமீற்றருக்குக் கூடினதையும் எடுக்கக் கூடாது. குஞ்சை விடுறது எல்லாருக்கும் விளங்கும். பெரிசை ஏன் விடோணும்? பெரிசுதான் தாய். எங்கட வாவிக்கு அதே அளவு பொருந்துமா எண்டது படிச்சுப் பாத்துத் தீர்மானிக்க வேண்டிய விசயம். அதையும் தனி மீனவர்ட தலையில மட்டும் கட்டக் கூடாது. வாய் திறந்த முதல் சில நாளுக்கு அந்த வாயடியில மட்டும் எல்லாரும் வலையை நிப்பாட்டுறது எண்டு சங்கங்கள் சேந்து பேசினா, ஒருத்தர் விட்டதை இன்னொருத்தர் பிடிக்கிற கதை வராது. எல்லாருக்கும் ஒரே இழப்பு, எல்லாருக்கும் ஒரே லாபம்.

மூணாவது எங்கட தலைமுறை செய்ய வேண்டிய வேலை. ஜோன் பாதிரியாருக்கு மீன் குடுத்தவர்ட பேர் போனது ஏன்? எழுதுறவர் ஒருத்தரும் அவரிட்டப் பேர் கேக்கல்ல. இண்டைக்கு எங்கட கையில ஃபோன் இருக்கு, ரெக்கோடர் இருக்கு, எழுதத் தமிழ் இருக்கு. எந்த வருசம் ஆற்றுவாய் எப்ப திறந்தது, எந்த மாசத்துல கொடுவா கிட்டங்கி வரைக்கும் ஏறினது, ஆற்றுவாழை எப்பயிருந்து தண்ணியை மூடினது, எந்த மீன் பேர் இப்ப ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சு. இதையெல்லாம் அறுபது எழுபது வயசுக்காரங்க மனசுல வெச்சிருக்காங்க. அது எழுத்துல வந்தா மேசையில வைக்கிற ஆதாரமாகும். வராட்டி மையித்தோட சேந்து மண்ணுக்குள்ள போகும்.

சில பேர் கேப்பாங்க, "படிச்ச பொடியனுகள் கரையில நிண்டு தண்ணியில நிக்கிறவனுக்குப் புத்தி சொல்றீங்களா?" எண்டு. நியாயமான கேள்வி. எங்கட பதில்: மூணு வேலையில முதல் ரெண்டும் தண்ணியில நிக்கிறவங்க இல்லாம நடக்காது, அவங்கதான் முன்னுக்கு நிக்கோணும். மூணாவதுக்கு எங்களை விட்டா ஆள் இல்ல. பெரியாள் வருவார் எண்டு காத்துக்கொண்டிருக்கிறதைவிட, வர்றவருக்குத் தேவையான கொப்பியை எழுதி வைக்கிறது நல்லம்.

ஒருவேளை அந்தக் கதிரையில ஒரு ஆள் இருக்க மாட்டார். ஒரு சங்கம் இருக்கலாம், ரெண்டு மாவட்டத்து மீனவரும் விவசாயியும் சேந்து எடுத்த ஒரு தீர்மானம் இருக்கலாம். பட்டியல் போடுறவங்களுக்கு அது பிடிக்காது, ஏனெண்டா படம் போட ஒரு முகம் கிடைக்காது. எங்களுக்குப் பிரச்சினை இல்ல. இந்த மாரியில ஆற்றுவாய் வெட்டுற கதை திரும்ப வரும். அந்த நாளில "மீனுக்கு என்ன?" எண்டு ஒருத்தர் எழும்பிக் கேட்டா, அந்தக் கேள்வியைத் தூக்கி விட ஆள் தேவை. ஆகக் குறைஞ்சது நாங்க இருக்கிறம். நீங்களும் வாங்க.